தேடுகிறவர் சொல்லைக் கேளுங்கள். கணக்கை உங்கள் கையில் வையுங்கள்

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அங்கே உழவருக்குக் கிடைத்தவை மூன்று: உட்கார ஓர் இடம், எடை போட ஒரு தராசு, அன்றைய விலையை எழுதி வைத்த பலகை. வாங்குகிறவரின் முகத்தைப் பார்த்து, நடுவில் தரகர் இல்லாமல் விற்க அந்த மூன்றும் உதவின.

இன்று பாரம்பரிய அரிசி, மரச்செக்கு எண்ணெய், மஞ்சள் தூள், கருப்பட்டி, சிறுதானிய மாவு என்று மதிப்புக்கூட்டி விற்கும் உழவர்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் சொந்தமாக இணையதளம் வைத்திருக்கிறார்கள். சிலர் கைக்காசு போட்டுச் செய்தார்கள், சிலர் திட்டப் பணத்தில் செய்தார்கள். திறப்பு விழா நடந்து, குத்துவிளக்கும் ஏற்றியாகிவிட்டது. அதன் பிறகு அந்தத் தளத்துக்கு யார் வந்தார்கள், என்ன தேடி வந்தார்கள், ஏன் வாங்காமல் போனார்கள் என்று கேட்டால் பல இடங்களில் பதில் இல்லை. ‘இதிலெல்லாம் நம்ம சரக்கு போகாதுங்க’ என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் செல்போன் அடிக்கிறது. ‘உங்கள் தளத்தைக் கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம். மாதாமாதம் இவ்வளவு கட்டினால் போதும்.’ மண்டியில் தரகரைத் தாண்டி வந்தவர், இணையத்தில் வேறொரு தரகர் கையில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கக் காசு வேண்டாம். கம்ப்யூட்டர் படிப்பும் வேண்டாம். வாங்குகிறவர் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுகிறார் என்பதை அது உங்களுக்குச் சொல்லும். அந்தக் கணக்கு உழவர் கையில் இருக்க வேண்டும், உழவரே அதைப் படிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதல் இடம் விற்பனைக்கு இல்லை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கூகுளில் ஒரு பொருளைத் தேடினால் இரண்டு வகையான முடிவுகள் வருகின்றன. ஒன்று, விளம்பரம் என்ற குறிப்போடு வருவது. அதற்குப் பணம் கட்ட வேண்டும். கட்டுவதை நிறுத்திய அன்றே அது மறைந்துவிடும். மற்றொன்று, கூகுள் தானாக வரிசைப்படுத்திக் காட்டுவது. இந்த வரிசையில் இடம் வாங்கப் பணம் வாங்குவதில்லை என்று கூகுள் சொல்கிறது. முதல் இடத்தை உறுதியாகத் தருவேன் என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் தன்னுடைய வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது.

ஆகவே ‘முதல் பக்கம் கேரண்டி’ என்று சொல்பவர், தன் கையில் இல்லாததை விற்கிறார். சில நேரம் அவர் சொல்வது பொய்யாகவும் இருக்காது. உங்கள் நிறுவனத்தின் முழுப் பெயரைப் போட்டுத் தேடினால் நீங்கள்தான் முதலில் வருவீர்கள். அதைக் காட்டிப் பணம் வாங்கிவிடலாம். ஆனால் உங்கள் பெயர் தெரிந்தவர் ஏற்கனவே உங்கள் வாடிக்கையாளர். பெயர் தெரியாத சென்னைக்காரர் ‘கருப்பு கவுனி அரிசி’ என்று தேடும்போது நீங்கள் வருகிறீர்களா என்பதுதான் கேள்வி.

இன்னும் சிலர், தளத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஐம்பது சொற்களை அடுக்கி வைத்துவிட்டு அதற்கு பில் போடுவார்கள். இதற்கென உள்ள ‘கீவேர்ட்ஸ்’ குறிப்பை வரிசைப்படுத்தத் தான் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. வேறு சிலர் எங்கெங்கோ உள்ள தளங்களிலிருந்து காசு கொடுத்து இணைப்புகளை வாங்கி உங்கள் தளத்துக்குப் போடுவார்கள். இது கூகுளின் விதிக்கு எதிரானது. பிடிபட்டால் உங்கள் தளம்தான் பின்னுக்குப் போகும்.

இந்தத் தொழிலில் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. நேர்மையாக, பொறுமையாக வேலை செய்யும் இளைஞர்கள் உங்கள் மாவட்டத்திலேயே இருப்பார்கள். யார் எப்படி என்று பிரித்துப் பார்க்க, கணக்கைப் படிக்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பஞ்சின் தரம் பார்க்கத் தெரியாதவர் பருத்தி ஏலத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காசில்லாத தராசு

அந்தக் கணக்கின் பெயர் ‘கூகுள் சர்ச் கன்சோல்’. ஜிமெயில் முகவரி ஒன்று இருந்தால் போதும். அந்தத் தளம் உங்களுடையதுதான் என்று ஒரு முறை நிரூபிக்க வேண்டும். தளத்தைச் செய்து கொடுத்தவரிடம் சொன்னால் சற்று நேரத்தில் முடிகிற வேலை. பொதுவாக, இணைத்த பிறகுதான் கணக்கு சேர ஆரம்பிக்கும். பின்னோக்கி 16 மாதம் வரை பார்க்கலாம். அதனால் இன்று விற்பனை இல்லாவிட்டாலும் இன்றே இணைத்து வைப்பது நல்லது. அடுத்த பொங்கலையும் இந்தப் பொங்கலையும் ஒப்பிட அப்போதுதான் முடியும்.

அதில் பார்க்க வேண்டியவை நான்கே எண்கள். எத்தனை முறை உங்கள் தளம் தேடல் முடிவில் காட்டப்பட்டது என்பது ஒன்று. இதை இம்ப்ரெஷன் என்பார்கள். அதைத் தொட்டு உங்கள் தளத்துக்குள் எத்தனை முறை வந்தார்கள் என்பது இரண்டு, இது கிளிக். காட்டப்பட்டதில் நூற்றுக்கு எத்தனை கிளிக் என்பது மூன்று. சராசரியாக எத்தனையாவது இடத்தில் வந்தீர்கள் என்பது நான்கு. சந்தையில் உங்கள் கடையைத் தாண்டிப் போனவர்கள், நின்று பார்த்தவர்கள், கடை எந்த வரிசையில் இருந்தது என்று எண்ணி வைத்தது போலத்தான். இந்த நான்கையும் ஒவ்வொரு தேடல் சொல்லுக்கும் தனித்தனியாகப் பார்க்கலாம் என்பதுதான் இதன் பலம்.

முதல் நாளே பார்க்க வேண்டியது வேறொன்று: உங்கள் தளம் கூகுளின் பட்டியலில் இருக்கிறதா? தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று அடித்து, மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதித் தேடுங்கள். ஒரு பக்கம்கூட வராவிட்டால், பட்டியலிலேயே இல்லாமல் இருக்க வாய்ப்புண்டு. தளம் கட்டும்போது ‘இதைப் பட்டியலில் சேர்க்காதே’ என்று ஒரு குறிப்பு போடுவார்கள். வேலை முடிந்ததும் அதை எடுக்க மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படியானால் கடையின் ஷட்டரைத் திறக்காமலே வியாபாரம் இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோம் என்று பொருள். எந்தப் பக்கம் சேர்ந்திருக்கிறது, எது சேரவில்லை, ஏன் என்று சர்ச் கன்சோலே சொல்லும்.

எண்ணைப் படிப்பது எப்படி?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். எண்கள் கணக்குக்காகச் சொல்பவை.

மூன்று மாதத்தில் ‘கருப்பு கவுனி அரிசி விலை’ என்ற தேடலுக்கு உங்கள் தளம் 2,000 முறை காட்டப்பட்டிருக்கிறது. சராசரி இடம் 6. ஆனால் உள்ளே வந்தது 10 முறைதான். இடம் மோசமில்லை, பார்த்தவர்கள் தொடவில்லை. ஏன்? தேடல் முடிவில் உங்கள் பக்கத்தின் தலைப்பாக ‘முகப்பு’ என்றோ, நிறுவனத்தின் பெயரோ மட்டும் வந்திருக்கலாம். விலை தேடியவருக்கு விலை தெரியவில்லை. தலைப்பை ‘கருப்பு கவுனி அரிசி – 1 கிலோ விலை, நேரடியாக உழவரிடமிருந்து’ என்று மாற்றுங்கள். கைக்காசு செலவில்லாத வேலை இது.

‘மாப்பிள்ளை சம்பா அவல்’ என்ற தேடலுக்கு 300 முறை காட்டப்பட்டு, சராசரி இடம் 28 என்றால் நிலைமை வேறு. மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறீர்கள். அங்கே தலைப்பை மாற்றிப் பயனில்லை. அவலுக்குத் தனிப் பக்கமே இல்லாமல், அரிசிப் பக்கத்தில் ஒரு வரியாக இருந்திருக்கும். தனிப் பக்கம் எழுத வேண்டும்.

மூன்றாவது வகைதான் மிகவும் பயனுள்ளது. நீங்கள் எழுதவே இல்லாத ஒரு சொல் பட்டியலில் இருக்கும். ‘குழந்தைக்கு சத்துமாவு’ என்று தேடியவருக்கு உங்கள் பூங்கார் அரிசிப் பக்கம் காட்டப்பட்டிருக்கும். அது சந்தை உங்களிடம் கேட்கிற கேள்வி. அந்தப் பொருள் செய்ய முடியுமா என்று இயக்குநர் கூட்டத்தில் பேச வேண்டிய செய்தி. இப்படிப்பட்ட செய்தியைத் தெரிந்துகொள்ளப் பெரிய கம்பெனிகள் ஆள் வைத்து ஆய்வு செய்கின்றன. உங்களுக்கு அது வாசலிலேயே கிடக்கிறது.

நாம் எழுதுவது ஒன்று, அவர்கள் தேடுவது ஒன்று

உழவர் தளங்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் இடைவெளி சொல்லில்தான் இருக்கிறது. நாம் இலக்கணம் பார்த்து ‘கருப்புக் கவுனி’ என்று ஒற்று போட்டு எழுதுகிறோம். தேடுகிறவர் ஒற்று போடுவதில்லை. பாதிப் பேர் தமிழையே ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். அதிலும் ‘கவுனி’யை நாலு விதமாக எழுதுகிறார்கள். வெளிமாநிலத்தவர் ‘பிளாக் ரைஸ்’ என்று தேடுகிறார்.

வட்டாரச் சொல் இன்னொரு சிக்கல். கடலூர், விழுப்புரம் பக்கம் மல்லாட்டை. வேறு இடத்தில் மணிலா. இன்னொரு இடத்தில் நிலக்கடலை. நகரத்துக் கடையில் வேர்க்கடலை. சின்ன வெங்காயத்தைச் சாம்பார் வெங்காயம் என்று கேட்கிறவர் உண்டு. கருப்பட்டி என்று நாம் எழுதினால், அவர் பனை வெல்லம் என்று தேடுவார். நம் ஊர்ச் சொல்லை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ‘பனை வெல்லம் என்று சொல்லப்படும் கருப்பட்டி’ என்று ஒரு வரியில் இரண்டையும் சேர்க்கலாம். அதே வேளையில் ஒரே சொல்லை இருபது முறை அடுக்காதீர்கள். படிக்கிறவருக்கும் சலிப்பு, கூகுளும் அதைக் குப்பையாக எண்ணும்.

எந்தச் சொல்லை அதிகம் தேடுகிறார்கள் என்று பார்க்க ‘கூகுள் டிரெண்ட்ஸ்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஐந்து சொற்கள் வரை ஒப்பிடலாம். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று பிரித்தும் பார்க்கலாம். அதில் வரும் 0 முதல் 100 வரையான எண், தேடியவர்களின் எண்ணிக்கை இல்லை. நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்தில் உச்சமாக இருந்த நேரத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதை அதோடு ஒப்பிட்டுச் சொல்வது. மிகக் குறைவாகத் தேடப்படும் சொல்லுக்கு அது விவரமே காட்டாது. ஆனால் பருவத்தை நன்றாகக் காட்டும். மாம்பழத் தேடல் எப்போது ஏறுகிறது, வெல்லம் எப்போது ஏறுகிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும்.

இதிலிருந்து ஒரு வேலைத் திட்டம் கிடைக்கிறது. தளத்தில் செய்யும் மாற்றம் சில நேரம் சில மணி நேரத்தில் பலன் தரும், சில நேரம் பல மாதம் ஆகும் என்று கூகுளே சொல்கிறது. பொங்கல் வெல்லத்துக்கு மார்கழியில் பக்கம் எழுதினால் தாமதம். ஐப்பசிக்குள் எழுதிவிட வேண்டும். பருவம் பார்த்து விதைக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிய பாடம் இல்லை.

உங்களுக்கு மட்டும் தெரிந்ததை எழுதுங்கள்

என்ன எழுதுவது என்று திகைக்க வேண்டாம். வாடிக்கையாளர் போனில் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் ஒரு மாதம் எழுதி வையுங்கள். கவுனி அரிசியை எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும்? தீட்டாத அரிசியில் ஏன் சீக்கிரம் வண்டு வருகிறது, எப்படிக் காப்பது? விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் என்ன வித்தியாசம்? செக்கு எண்ணெயின் அடியில் ஏன் வண்டல் நிற்கிறது? இந்தக் கேள்விகள்தான் தேடல் கட்டத்திலும் அடிக்கப்படுகின்றன. போனில் நீங்கள் சொல்லும் பதிலை அதே பேச்சுப்போக்கில் ஒரு பக்கமாக எழுதினால் போதும்.

இப்போது இதில் ஒரு மாற்றமும் வந்திருக்கிறது. பல தேடல்களுக்குக் கூகுள், முடிவுகளுக்கு மேலேயே செயற்கை நுண்ணறிவு தொகுத்த பதிலைக் காட்டுகிறது. அதைப் படித்துவிட்டு உள்ளே வராமலே போகிறவர்கள் உண்டு. இம்ப்ரெஷன் ஏறியும் கிளிக் ஏறாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ‘மஞ்சளின் நன்மைகள்’ என்று ஊரெல்லாம் எழுதியதையே நாமும் எழுதினால் இனி பயன் குறைவு. உங்கள் வயலில் எந்த மாதம் நட்டு எந்த மாதம் வெட்டினீர்கள், எப்படி வேகவைத்துக் காயவைத்தீர்கள், இந்த ஆண்டு எவ்வளவு இருப்பு இருக்கிறது என்பதை எந்த இயந்திரமும் உங்களைக் கேட்காமல் எழுத முடியாது. அந்த விவரத்துக்கு மதிப்பு ஏறும் என்பது என் கருத்து.

எழுதும்போது மூன்று எச்சரிக்கை. முதலாவது, ‘சர்க்கரை நோய் குணமாகும்’, ‘புற்றுநோய் தீரும்’ என்று எழுதாதீர்கள். அப்படி விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரணச் சட்டம் தடுக்கிறது. அதிகத் தேடல் வருகிறதென்று இந்தச் சொற்களைச் சேர்க்கச் சொல்பவர், வழக்கு வந்தால் உங்களுக்குத் துணை நிற்க மாட்டார். இரண்டாவது, இயற்கை விளைபொருள் என்று எழுதினால் அதற்கான சான்றையும் காட்டுங்கள். மூன்றாவது, ஊர்ப் பெயரில் கவனம் தேவை. ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைத் தேடி ஆள் வருவார்கள் என்பதற்காக வேறு ஊர் மஞ்சளை அந்தப் பெயரில் விற்பது, அந்த ஊர் உழவரின் வயிற்றில் அடிப்பது.

இரண்டு சின்ன வேலைகள் உண்டு. விலைப் பட்டியலைப் படமாக எடுத்துப் போடாதீர்கள், எழுத்தாகப் போடுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி ஒழுங்காகப் படிக்கும் என்று நம்ப முடியாது. அடுத்து, செல்போனில் எடுத்த பெரிய போட்டோக்களை அப்படியே ஏற்றாதீர்கள். அளவு குறைத்து ஏற்றுங்கள். ஒரு பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. ‘பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்’ என்ற இலவசக் கருவியில் உங்கள் முகவரியைப் போட்டால் எங்கே தடங்கல் என்று சொல்லிவிடும். கணினித் திரையில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். கூகுள் இப்போது செல்போனில் தெரியும் வடிவத்தைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. ஊரில் சிக்னல் குறைந்த இடத்தில் நின்று உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். அதுவே நல்ல சோதனை.

பண்ணையிலோ கடையிலோ நேரில் விற்பவர்கள் ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ பதிவையும் செய்யுங்கள். இதுவும் இலவசம். ‘அருகில் செக்கு எண்ணெய்’ என்று தேடுகிறவருக்கு வரைபடத்தில் உங்கள் இடம், நேரம், போன் எண் தெரியும். அதைப் பார்த்து எத்தனை அழைப்பு வந்தது, எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்ற கணக்கும் கிடைக்கும். உறவுக்காரர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போட வைக்காதீர்கள். வாங்கியவரிடம் ‘உண்மையை எழுதுங்க’ என்று கேளுங்கள்.

எந்த எண் முக்கியம்?

‘போன மாதம் 5,000 பேர் வந்தார்கள்’ என்று யாராவது வண்ண வண்ண அறிக்கை கொடுத்தால் மயங்க வேண்டாம். எத்தனை ஆர்டர், எத்தனை போன், எத்தனை பேர் மறுபடியும் வாங்கினார்கள் என்று கேளுங்கள். அழைத்த ஒவ்வொருவரிடமும் ‘எங்களை எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?’ என்று ஒரு கேள்வி கேட்டு ஆர்டர் நோட்டில் குறித்துவிடுங்கள். எந்தக் கருவியும் தராத கணக்கு அது.

தளத்துக்குள் வந்தவர் என்ன செய்தார் என்று பார்க்க ‘கூகுள் அனலிட்டிக்ஸ்’ இருக்கிறது. பெரிய கடைக்கு அது தேவை. பத்துப் பொருள் விற்கும் உழவர் குழுவுக்கு முதல் ஆண்டு சர்ச் கன்சோலும் ஆர்டர் நோட்டும் போதும் என்பேன். கருவி கூடக் கூடப் பார்ப்பது குறையும்.

‘எங்கள் சரக்கு வாட்ஸ்அப்பிலேயே தீர்ந்துவிடுகிறது. இணையதளம் எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விளைந்ததெல்லாம் தெரிந்தவர்களிடமே விற்றுத் தீர்கிறதென்றால் இந்த வேலைக்கு நேரம் செலவிட வேண்டாம். யூடியூபில், இன்ஸ்டாகிராமில் நன்றாக விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த இடங்கள் வாடகைக் கடை. விதி மாறினால், கணக்கு முடங்கினால், சேர்த்த வாடிக்கையாளர் ஒரே நாளில் போய்விடுவார்கள். விளைச்சல் பெருகும்போது, தெரிந்தவர் வட்டம் போதாது என்று ஆகும்போது, சொந்த முகவரி இருப்பது பலம்.

சாவி யார் கையில்?

எல்லாவற்றையும் விட முக்கியம் இது. இணையதளத்தின் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? சர்ச் கன்சோல், பிசினஸ் புரொஃபைல் எந்த மெயிலில் இருக்கின்றன? பல இடங்களில் இவை தளம் செய்து கொடுத்தவரின் பெயரில் இருக்கும். இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போன ஊழியரின் சொந்த மெயிலில் இருக்கும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு இதில் ஆபத்து அதிகம். 2020-இல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், நிர்வாகச் செலவுக்கு ஓர் அமைப்புக்கு 18 லட்சம் ரூபாய் வரை, மூன்று ஆண்டுக்குத்தான் உதவி. அந்த உதவி முடிந்ததும் முதன்மைச் செயல் அலுவலர் வேறு வேலைக்குப் போக நேரலாம். அவரோடு கடவுச்சொல்லும் போய்விட்டால், மூன்று ஆண்டாகச் சேர்ந்த வாடிக்கையாளர் தடம் முழுவதும் போகும். ஆண்டுக் கட்டணம் கட்டாமல் முகவரி காலாவதியானால் வேறொருவர் அதை வாங்கிவிடலாம். உங்கள் உறுப்பினர்களின் பெயரைச் சொல்லி வேறு யாரோ விற்பார்கள்.

ஆகவே இன்றே செய்ய வேண்டியவை: நிறுவனத்தின் பெயரில் ஒரு பொது மெயில் தொடங்குங்கள். முகவரிப் பதிவு, எல்லாக் கணக்குகளின் உரிமை அந்த மெயிலில் இருக்கட்டும். வெளியாள் வேலை செய்ய வேண்டுமானால், சர்ச் கன்சோலில் அவரைப் பயனாளராக மட்டும் சேர்க்கலாம், உரிமையாளராக்கத் தேவையில்லை. வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். கடவுச்சொல்லை ஓர் உறையில் இட்டு, சங்கத்தின் தீர்மானப் புத்தகம் இருக்கும் பீரோவில் வையுங்கள். முகவரி புதுப்பிக்கும் தேதியை காலண்டரில் வட்டமிடுங்கள்.

தனியாளாக விற்கும் உழவருக்கும் இதே விதிதான். பட்டாவை அடுத்தவர் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு யாரும் உழப் போவதில்லை.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மண் பரிசோதனை அட்டையைப் படிக்க உழவருக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நீங்கள். அதே போல இந்தக் கணக்கைப் படிக்கவும் கற்றுக் கொடுங்கள். அட்மா பயிற்சியிலோ, வேளாண் அறிவியல் நிலையத்தின் மதிப்புக்கூட்டல் வகுப்பிலோ இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பொட்டலம் போடவும் லேபிள் ஒட்டவும் சொல்லித் தருகிறோம். அதை வாங்கப் போகிறவர் என்ன சொல் சொல்லித் தேடுகிறார் என்று பார்க்கச் சொல்லித் தருவதில்லை. உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளில் செல்போன் நன்றாகக் கையாளும் ஒரு பெண்ணையோ பையனையோ இதற்குப் பொறுப்பாக்கி, மாதக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் எண்களைப் படிக்க வையுங்கள். எந்தச் சொல் ஏறியது, எது இறங்கியது, யாரும் எழுதாத எந்தக் கேள்வி வந்தது – இந்த மூன்று போதும்.

உங்கள் அலுவலகத் தளத்துக்கும் இது பொருந்தும். பயிரில் புழு விழுந்ததும் உழவர் முதலில் செல்போனில்தான் தேடுகிறார். நீங்கள் எழுதிய பரிந்துரை பழைய எழுத்துருவில் அடித்த கோப்பாகவோ, ஸ்கேன் செய்த படமாகவோ கிடந்தால் அது அவர் கண்ணில் படுவது கடினம். மருந்து விற்பவரின் பக்கம்தான் முன்னால் வரும். பரிந்துரையை யூனிகோட் தமிழில், பூச்சியின் ஊர்ப் பெயரையும் சேர்த்து, சாதாரணப் பக்கமாகப் போடுங்கள். சரியான அளவு மருந்து தெளிப்பதும், தேவையில்லாமல் தெளிக்காமல் இருப்பதும் அந்த ஒரு பக்கத்தைப் பொறுத்து அமையலாம்.

விலை நிர்ணயிக்கும் உரிமை உழவருக்கு வேண்டும் என்று பல காலமாகப் பேசி வருகிறோம். வாங்குகிறவர் என்ன கேட்கிறார் என்பதை நேரடியாகத் தெரிந்துகொள்ளாமல் அந்த உரிமை வராது. மண்டியில் அந்தச் செய்தி தரகரிடம் இருந்தது. இணையத்தில் அது நமக்குத் திறந்தே கிடக்கிறது. இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: உங்கள் தளத்தின் முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று விசாரித்து, சர்ச் கன்சோலை உங்கள் மெயிலில் இணையுங்கள். அடுத்த மாதம் அதில் வரும் முதல் பத்துச் சொற்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று அடுத்த முறை போன் வந்தால், எந்தச் சொல்லுக்கு என்று அவரிடம் கேளுங்கள்.